சென்னை–திருச்சி ரயில் பாதை ஏன் இரண்டாகப் பிரிகிறது? நேராகப் போவது 'கார்டு லைன்', சுற்றிப் போவது 'மெயின் லைன்' என்று பெயர் வந்தது எப்படி?

சின்ன வயதில் எனக்கும் இந்தக் குழப்பம் உண்டு. கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக் கொடி காட்டுவாரே, அந்தக் கார்டுக்கும் இந்தப் பாதைக்கும் ஏதோ சம்பந்தம் என்றுதான் நினைத்திருந்தேன். பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டராக இருந்த பெரியப்பாவிடம் கேட்டபோது சிரித்துவிட்டார். "அது கொடி புடிக்கிற கார்டு இல்லடா தம்பி. கணக்குப் பாடத்துல வட்டத்துக்குள்ள நாண் போடுவியே, அந்த நாண். இங்கிலீஷ்ல அதுக்குக் 'கார்டு'ன்னு (chord) பேரு. வில்லு மெயின் லைன், நாண் கார்டு லைன்."

இதைவிடச் சுருக்கமாக இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. விழுப்புரமும் திருச்சியும் வில்லின் இரண்டு முனைகள். வில் கிழக்கே வளைந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி, மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று போய்த் திருச்சியைத் தொடுகிறது. சுமார் 240 கிலோமீட்டர். நாண் விருத்தாசலம், அரியலூர், லால்குடி, ஸ்ரீரங்கம் வழியாகச் சுமார் 178 கிலோமீட்டரில் திருச்சி வந்துவிடுகிறது. எழும்பூரிலிருந்து விழுப்புரம் வரையிலும், திருச்சிக்குத் தெற்கே திண்டுக்கல், மதுரை வரையிலும் எல்லாம் ஒரே பாதைதான்.

சரி, வில் ஏன் வளைந்தது? சென்னையை மனதில் வைத்துப் பார்த்தால் இது புரியாது. டெல்டாவுக்கு ரயில் சென்னையிலிருந்து வரவில்லை, நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து வந்தது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி 1861இல் நாகப்பட்டினம்–தஞ்சாவூர் பாதையைத் திறந்து, அடுத்த வருஷமே திருச்சி வரை நீட்டியது. அந்தக் கம்பெனி இன்னொன்றோடு சேர்ந்து 1874இல் தென்னிந்திய ரயில்வே ஆனது. அதன் பிறகுதான் சென்னையிலிருந்து திண்டிவனம், கடலூர், சிதம்பரம் என்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து, 1870-களின் கடைசியில் தஞ்சாவூரில் ஏற்கெனவே கிடந்த தண்டவாளத்தோடு கோத்தார்கள். நெல்லும் கோயிலும் ஜனமும் அந்தப் பக்கம்தான் இருந்தன. அதனால் சென்னையிலிருந்து தெற்கே போக அதுவே பிரதானப் பாதை, அதாவது மெயின் லைன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாகப்பட்டினம்–திருச்சிப் பாதையை முதலில் பிராட் கேஜில்தான், அதாவது அகலப்பாதையாகத்தான் போட்டார்கள். 1870-களில் அதைப் பிடுங்கி, அகலம் குறைந்த மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து நம் காலத்தில் மறுபடியும் பிராட் கேஜ். தாத்தாவின் அகல வேட்டியைப் பேரன் திரும்ப எடுத்துக் கட்டின கதைதான்.

கார்டு லைன் வந்தது 1920-களின் பிற்பகுதியில். மதுரை, தூத்துக்குடி போகிறவன் மாயவரத்தையும் கும்பகோணத்தையும் சுற்றிக்கொண்டு எதற்குப் போக வேண்டும் என்ற கணக்கு. அறுபது கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். வழியில் பெரிய ஊர் குறைவு, அதனால் நிறுத்தமும் குறைவு. விரைவு வண்டிகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன. 1977 ஆகஸ்ட் 15 அன்று மதுரை–சென்னை வைகை எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பித்தபோது, நாட்டின் மீட்டர் கேஜ் வண்டிகளிலேயே வேகமானவற்றில் அது ஒன்று. அந்த வேகம் கார்டு லைன் இல்லாமல் முடிந்திருக்காது.

ஆளில்லாத வெட்டவெளி என்று கார்டு லைனை நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டு அரசியலே அந்த ஒற்றையடித் தடத்தில் இரண்டு முறை திரும்பியிருக்கிறது. டால்மியாபுரம் என்ற பெயரை எடுத்துவிட்டுக் கல்லக்குடி என்று வை எனக் கேட்டு 1953 ஜூலையில் கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தது இந்தப் பாதையில்தான். மூன்று வருஷம் கழித்து, அங்கிருந்து ரொம்ப தூரமில்லை, அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றில் வெள்ளம் வந்து பாலம் நிலைகுலைந்தது. 1956 நவம்பர் 23, விடிகிற நேரம். தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனைப் பார்த்து 'ஆண்டது போதாதா, மாண்டது போதாதா' என்று எழுந்த தேர்தல் கோஷத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பகலில் போனால், அரியலூரை ஒட்டி வரும் அந்தப் பாலத்தை ஒருமுறை பாருங்கள். முக்கால்வாசி நாள் ஆற்றில் மணல்தான் இருக்கும். நம்பவே முடியாது.

மெயின் லைனின் பெருமை வேறு. ராமேஸ்வரம் போகும் போட் மெயில் இன்றும் இந்த வழியில்தான் போகிறது. 1914இல் பாம்பன் பாலம் வந்த பிறகு அது தனுஷ்கோடி வரை போகும், அங்கே கப்பல் ஏறினால் தலைமன்னார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது, பிற்பாடு கப்பலும் நின்றுபோனது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது பெயரும் நிலைமையும் தலைகீழ். கார்டு லைனில் இரட்டைப் பாதை, அதில் தேஜஸும் வந்தே பாரத்தும். மெயின் லைனில் மின்கம்பி வந்துவிட்டது, ஆனால் விழுப்புரத்திலிருந்து தஞ்சாவூர் வரை இன்னும் ஒற்றைப் பாதைதான். எதிரே வண்டி வந்தால் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். 'கிராஸிங்' என்ற வார்த்தை டெல்டாவில் குழந்தைக்கும் தெரியும். அகலப்பாதைப் பணிக்காக விழுப்புரம்–மாயவரம் பகுதியை 2006 கடைசியில் மூடி, 2010இல்தான் திறந்தார்கள். அந்த மூன்று வருஷமும் தீபாவளிக்கு ஊருக்குப் போக பஸ்ஸில் தொங்கியவர்களில் நானும் ஒருவன். என்னைக் கேட்டால், மெயின் என்று பெயரை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் இரண்டாவது தண்டவாளம் போடாமல் வைத்திருப்பது நியாயமில்லை.

டிக்கெட் எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள்: திருச்சி போகும் வண்டி எல்லாம் தஞ்சாவூர் போகாது. பல்லவன், வைகை, மலைக்கோட்டை இவை கார்டு லைன். சோழன், உழவன், மன்னை எல்லாம் மெயின் லைன். ஸ்ரீரங்கத்தில் இறங்க வேண்டுமென்றால் கார்டு லைன் வண்டியைத்தான் பிடிக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் நிறுத்தங்களில் விருத்தாசலம் இருக்கிறதா, கும்பகோணம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஆனாலும் சில நாள் வண்டியே வழி மாறும். ஒருமுறை மதுரையிலிருந்து சென்னைக்கு இரவு வண்டியில் வந்துகொண்டிருந்தேன். அரியலூர் பக்கம் ஏதோ வேலை என்று தஞ்சாவூர் வழியாகத் திருப்பிவிட்டார்கள். நடு ராத்திரியில் வண்டி நின்றது. கீழ் பெர்த்தில் இருந்தவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "சார், கும்பகோணம்னு போட்டிருக்கு. நம்ம வண்டி கும்பகோணம் போகாதே?" என்று பதறினார். போகாதுதான். வாசலுக்கு வந்து நின்றேன். அங்கிருந்து எங்கள் பெரியப்பா வீடு ஆட்டோவில் பத்து நிமிஷம். போன் செய்யலாமா என்று நினைத்து மணியைப் பார்த்தேன், இரண்டேகால். விட்டுவிட்டேன். இருபது நிமிஷம் கழித்து எதிர்வண்டி கடந்தது, எங்களுக்குச் சிக்னல் விழுந்தது.