ஆன்சன் டோரன்ஸ்: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்து அணியை 1979 முதல் நடத்திவந்த ஆன்சன் டோரன்ஸ், 2024 ஆகஸ்டில், புதிய பருவம் தொடங்கவிருந்த நேரத்தில் ஓய்வு பெற்றார். அவரைப் பற்றித்தான் இன்று பேச்சு. கல்லூரிப் பெண்களுக்குப் பயிற்சி தருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஐரோப்பிய கிளப் வதந்திகளுக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: அவர் இந்தியாவில் பிறந்தவராமே?

ஆம், 1951-ல், பம்பாயில். தந்தைக்கு எண்ணெய் நிறுவன வேலை என்பதால் பிள்ளைப் பருவம் நாடு நாடாகக் கழிந்தது. உடனே உறவு கொண்டாடக் கிளம்பிவிடாதீர்கள்.

கேள்வி: சட்டம் படித்தவர் எப்படிப் பயிற்சியாளர் ஆனார்?

படித்து முடிக்கவில்லை. 1977-ல் சட்டக் கல்லூரி மாணவராக இருக்கும்போதே, தான் ஆடிய அதே பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணி அவர் கைக்கு வந்தது. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் டைட்டில் நைன் சட்டம் 1972-லேயே வந்துவிட்டதால், கல்லூரிகள் பெண்களுக்கும் அணி அமைக்கத் தொடங்கியிருந்தன. 1979-ல் பெண்கள் அணியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். படிப்பு பாதியில் நின்றது. 1988 வரை இரண்டு அணிகளையும் அவரே நடத்தினார்.

கேள்வி: அவர் வென்ற பட்டங்கள் 21-ஆ, 22-ஆ?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1982-ல் தொடங்கிய பெண்கள் போட்டியில் 21. அதற்கு முந்தைய ஆண்டு, ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற பெண்கள் விளையாட்டு அமைப்பு நடத்திய போட்டியில் ஒன்று. கூட்டினால் 22.

கேள்வி: அவருடைய பயிற்சியில் அப்படி என்னதான் ரகசியம்?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் பயிற்சியைப் போய்ப் பார்த்தார் டோரன்ஸ். அங்கே ஒவ்வொரு வீரரும் செய்வதை உதவியாளர்கள் குறித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தார். ஒருத்திக்கு ஒருத்தி மோதல், ஓட்டம், தலையால் முட்டுவது, சிறு அணி ஆட்டம் என்று பயிற்சியில் நடக்கும் எல்லாவற்றுக்கும் வெற்றி தோல்வி உண்டு. மைதான ஓரத்தில் ஒருவர் தாளும் பேனாவுமாக நின்று எழுதுவார். பிறகு முதலிடத்திலிருந்து கடைசி இடம் வரை வரிசைப்படுத்தி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிடுவார்கள். கொதிக்கும் பாத்திரத்தை நினைவூட்டும் 'போட்டிக் கொப்பரை' (competitive cauldron) என்ற பெயரால் அறியப்படுவது இந்த முறைதான்.

இதில் எனக்குப் பிடித்தது கண்டிப்பு அல்ல. தோழியைத் தோற்கடித்தால் பகை வருமோ என்ற தயக்கம் பல பெண்களிடம் இருப்பதை அவர் கவனித்தார். வெல்வதையே அன்றாட வேலையாக்கி அந்தத் தயக்கத்தை உடைத்தார். அதேசமயம், பெண்களைக் கத்தி மிரட்டி வழிநடத்த முடியாது என்பதும் அவர் வாதம். இறுதி ஆட்டத்துக்கு முன் கடைசி ஆண்டு மாணவிகள் ஒவ்வொருத்தியைப் பற்றியும் கடிதம் எழுதி, உடைமாற்றும் அறையில் படிப்பார். பட்டியல் ஒட்டுகிற பலருக்கு இந்தக் கடிதம் எழுத வராது.

கேள்வி: நான் உடற்கல்வி ஆசிரியை. ஏழாம் வகுப்பு மாணவிகளுக்கு இப்படிப் பட்டியல் ஒட்டலாமா?

கூடாது. அவர் ஒட்டியது, போட்டியிடவே தேடி வந்த கல்லூரிப் பெண்களுக்கு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கடைசி இடத்தில் தன் பெயரைப் பார்த்தால் மறுநாள் மைதானத்துக்கே வராது.

கேள்வி: ஆரம்பப் பட்டங்களுக்கு என்ன மதிப்பு? அப்போது அணிகளே இல்லையே!

1982 போட்டியில் 12 அணிகள்தான், உண்மை. ஆனால் 2001 முதல் 64 அணிகள். அதற்குப் பிறகும் 2003, 2006, 2008, 2009, 2012 என ஐந்து முறை வென்றிருக்கிறார்.

அதே நபர்: ஐந்துதானே! 1986 முதல் 1994 வரை தொடர்ந்து ஒன்பது பட்டம் வந்த கதையைச் சொல்லுங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதை நானே கேட்டுவிடுகிறேன். 1986 முதல் 1994 வரை அவர்தான் அமெரிக்க தேசிய அணிக்கும் பயிற்சியாளர். 1991-ல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையை, நார்வேயை 2-1 என வென்று, அவர் அணியே எடுத்தது. நாட்டுக்கு ஆடக் கனவு காணும் பெண், தேசிய அணியைத் தேர்வு செய்பவரின் கல்லூரியை விட்டு வேறெங்கே போவாள்? தேசிய அணி நட்சத்திரங்களான மியா ஹாமும் கிறிஸ்டீன் லில்லியும் அங்கேதான் படித்தார்கள். உங்கள் 12 அணிக் கணக்கைவிட இது கனமான ஆட்சேபணை.

அதே நபர்: அப்படியானால் ஒப்புக்கொள்கிறீர்கள்!

பாதியை. தேசிய அணியை விட்ட பிறகும், 1996 முதல் 2012 வரை ஒன்பது பட்டங்கள் வந்தன. அவற்றுக்கு எந்தப் பதவியைக் காரணம் காட்டுவீர்கள்?

கேள்வி: 21-ஆ, 22-ஆ?

மேலே இருக்கிறது.

கேள்வி: மகளுக்கு அமெரிக்க உதவித்தொகை வாங்கித் தருவதாக ஒரு முகவர் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். கல்லூரியின் பயிற்சியாளருக்கு ஆட்ட வீடியோவுடன் நேரடியாக எழுதுங்கள். விதிமுறைச் சந்தேகங்களை அந்தக் கல்லூரியின் விளையாட்டுத் துறையிடம் கேளுங்கள்.

கேள்வி: பத்து வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தரவரிசைப் பட்டியல்...

கூடாது. ஆசிரியைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: அவர் மீது வழக்கு இருந்ததே? அதை மட்டும் தொடவே இல்லையே.

இதுவரை யாரும் கேட்கவில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். 1998-ல் முன்னாள் வீராங்கனைகள் இருவர், பாலியல் ரீதியாகப் பேசினார் என்று வழக்குத் தொடுத்தார்கள். அவர் மறுத்தார். ஒரு வழக்கு 2004-லும் மற்றது 2008-லும் சமரசத்தில் முடிந்தன. இரண்டாவதில் அவர் மன்னிப்புக் கடிதம் கொடுத்தார். மாணவிகளோடு நெருங்கிப் பழகுவதே அவர் பாணி. அந்த நெருக்கத்தில் எல்லையைக் காக்கும் பொறுப்பு முழுக்கப் பயிற்சியாளருடையது. பெண்கள் அணி நடத்தும் ஆண்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

கேள்வி: 2012-க்குப் பிறகு ஏன் பட்டமே இல்லை?

மற்றவர்கள் எட்டிப் பிடித்துவிட்டார்கள். 2018, 2019, 2022 மூன்றிலும் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றார். 2022-ல் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகமான யூ.சி.எல்.ஏ.வுக்கு எதிராக 2-0 என முன்னிலை. பத்து நிமிடம் தாக்குப்பிடித்தால் கோப்பை. ஒரு கோல் விழுந்தது. ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்கும்போது, கார்னரிலிருந்து வந்த பந்தில் இரண்டாவதும் விழுந்தது. கூடுதல் நேரத்தில் 3-2. அவர் விலகிய 2024-லேயே, உதவியாளராக இருந்த டேமன் நஹாஸ் பொறுப்பேற்று, இறுதி ஆட்டத்தில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியை 1-0 என வென்று பட்டத்தை மீட்டார். அந்த அணியைத் திரட்டியதில் டோரன்ஸுக்குப் பங்குண்டு, வென்றது நஹாஸ்.