சுண்டெலியின் பசி

அன்புள்ள ஐயா,

ஓபி சுண்டெலியைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். ஒரே ஒரு மரபணு பழுதானதால் தின்றுகொண்டே இருக்கும் எலி. எனக்கு என் மகன் ஞாபகம்தான் வந்தது. 14 வயது, 81 கிலோ. நாலாம் வகுப்புக்குப் பிறகுதான் இப்படி ஆனான். உறவுக்காரர்கள் வாய்கூசாமல் ‘தின்னிப்பண்டாரம்’ என்கிறார்கள். என் நாத்தனார் ‘லெப்டின்’ என்று பெயர் போட்ட கேப்சூல் டப்பா ஒன்றை ஆன்லைனில் வாங்கித் தந்திருக்கிறார். கொடுக்கலாமா? இவனுக்கும் அந்த மரபணுதான் கோளாறா?

ம., விருதுநகர்

அன்புள்ள ம.,

கேப்சூலைக் கொடுக்காதீர்கள். காரணம் பிறகு. போன முறை நான் அவசரத்தில் விட்டுவிட்ட எலிக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துக் கடலோர ஊர் பார் ஹார்பர். அங்கே ஆராய்ச்சிக்கென்றே சுண்டெலி வளர்க்கும் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949இல் ஓபி வகை கண்ணில் பட்டது. வளர்ந்தால் மற்ற எலிகளைப் போல மூன்று மடங்கு வரை கனக்கும். 1966இல் டிபி என்று இன்னொரு வகை: அதே பருமன், கூடவே கடுமையான சர்க்கரை நோய்.

டக்ளஸ் கோல்மன் என்ற உயிர்வேதியியலாளர் இரண்டிரண்டு எலிகளை விலாப்புறத்தில் சேர்த்துத் தைத்தார். ஒன்றின் ரத்தம் மற்றதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும். கொடூரம்தான், மறுக்கவில்லை. டிபியோடு தைத்த சாதாரண எலி, தீனி பக்கத்திலேயே கிடக்க, தொடாமல் பட்டினியில் செத்தது. அறுத்துப் பார்த்தால் இரைப்பை காலி. டிபியோடு தைத்த ஓபிக்கும் அதே கதி. ஆனால் ஓபியைச் சாதாரண எலியோடு தைத்தபோது ஓபி தின்பது குறைந்தது, இரண்டும் பிழைத்தன.

கோல்மன் போட்ட கணக்கு இது: ‘போதும்’ என்று சொல்லும் ஏதோ ஒன்று ரத்தத்தில் ஓடுகிறது. ஓபிக்கு அது சுரப்பதில்லை. டிபிக்கு ஏகத்துக்கும் சுரக்கிறது, கேட்கத்தான் காது இல்லை. பலர் நம்பவில்லை. அதிகம் தின்பது குணக்கேடு என்ற எண்ணம் விஞ்ஞானிகளையும் விட்டுவைக்கவில்லை, உங்கள் உறவுக்காரர்களை மட்டும் குறை சொல்லி என்ன?

1994இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அந்த மரபணுவைப் பிடித்தது. சுண்டெலியின் 6ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 167 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதத்துக்கான குறிப்பு அது. ஓபி எலியில் ஒரே ஒரு எழுத்து மாறி, 105ஆவது இடத்தில் ‘நிறுத்து’ என்றாகிவிட்டது. புரதம் பாதியில் நின்றுபோகிறது. மெலிந்த என்று பொருள்படும் ‘லெப்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் இன்று டப்பாக்காரர்களுக்குப் பிழைப்பு.

லெப்டினைச் சுரப்பது கொழுப்பு செல்கள். மூட்டையில் அரிசி எவ்வளவு மிச்சம் என்று அடுப்படிக்குப் போய்ச் சொல்லும் ஆள் அது. ஆள் வராவிட்டால் மூளை பஞ்சம் என்றே நினைத்துக்கொள்ளும். அதனால்தான் ஓபி எலிக்குப் பசி மட்டும் பிரச்சினையில்லை: உடம்புச் சூடு குறைவு, குளிர் தாங்காது, குட்டி போடாது. பஞ்ச காலத்தில் யார் பிள்ளை பெறுவார்கள்? உடம்பு முழுக்கக் கொழுப்பு, மூளைக்கு மட்டும் பட்டினி.

மனிதனிலும் இது உண்டு. 1997இல் பிரிட்டனில் ஒரே குடும்பத்துக் குழந்தைகள் இருவரைப் பற்றி எழுதினார்கள். 8 வயதுப் பெண் 86 கிலோ, 2 வயதுப் பையன் 29 கிலோ. இருவருக்கும் லெப்டின் மரபணு பழுது. அந்தப் பெண்ணுக்கு ஊசியாக லெப்டின் கொடுத்தபோது ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது.

ஆனால் இது மிக மிக அரிது. இப்படிப்பட்ட குழந்தைகள் பிறந்த சில மாதங்களிலேயே ஊத ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் மகன் நாலாம் வகுப்பு வரை சாதாரணமாக இருந்திருக்கிறான். அவனுக்கு இது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பொதுவாகப் பருமனானவர்கள் ரத்தத்தில் லெப்டின் குறைவதில்லை, கூடுதலாகவே இருக்கிறது. மூளைதான் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஓபியைவிட டிபியின் கதைக்கு அருகில், இத்தனைக்கும் மரபணுவில் பழுது இருக்க வேண்டியதில்லை. இவர்களுக்கு லெப்டின் ஊசி போட்டும் பார்த்தார்கள், பெரிய பலன் இல்லை.

இப்போது கேப்சூல். லெப்டின் ஒரு புரதம். உள்ளே நிஜமாகவே இருந்தாலும், முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வயிற்றில் செரித்துப்போகும். இன்சுலினை ஊசியாகப் போடுவதும் இதனால்தானே.

பையனை ஹார்மோன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். கழுத்தின் பின்புறமும் அக்குளும் கருத்து, வெல்வெட் துணிபோலத் தடித்திருந்தால் அழுக்கு என்று தேய்க்காதீர்கள். உடம்பு இன்சுலினுக்கு மசியாததன் அடையாளம் அது. மருத்துவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.