வாசலில் நிற்கும் தம்பி

அன்புள்ள அம்மா,

உங்கள் கட்டுரைகளை ஆறு வருடங்களாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

சென்ற புத்தாண்டில் 52 புத்தகங்கள் என்று இலக்கு வைத்தேன், வாரத்துக்கு ஒன்று. செயலியில் பதிவு செய்து நண்பர்களிடமும் சொல்லிவிட்டேன். அக்டோபர் கடைசியில் 34-இல் நின்றேன். ஒன்பது புத்தகங்கள் பின்தங்கியிருப்பதாகச் செயலி காட்டிக்கொண்டே இருந்தது. அப்போது கையில் இருந்தது 900 பக்க நாவல், ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. 212-ஆம் பக்கத்தில், சின்ன வயதில் ஓடிப்போன தம்பி இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்து மழையில் வாசலில் நிற்கிறான். மிகவும் பிடித்துத்தான் வாசித்தேன். ஆனால் முடிக்க ஒரு மாதமாவது ஆகும் என்று தோன்றியதால் மூடி வைத்துவிட்டு, நூறு பக்கத்துக்குள் அடங்கும் புத்தகங்களாகத் தேடி எடுத்தேன். இரண்டு மாதத்தில் 15 முடித்தேன். அப்படியும் 49-தான். மூன்று குறைந்துவிட்டது. இப்போது யோசித்தால் அந்தப் பதினைந்தில் பாதியின் பெயர்கூட நினைவில்லை.

இந்த வருடம் எத்தனை வைக்கலாம்? மறுபடியும் 52-ஆ, இல்லை 40-ஆகக் குறைத்துக்கொள்ளவா? ஒலிப்புத்தகங்களைக் கணக்கில் சேர்க்கலாமா? வேக வாசிப்புப் பயிற்சி உதவுமா? வாசித்தது மறக்காமல் இருக்க என்ன செய்வது?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டு வாரமாக டார்வினின் தன்வரலாற்றை மறுபடியும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். அதில் அவருடைய வாசிப்பைப் பற்றி ஓரிரு பக்கங்கள் உண்டு. அவற்றைத் தாண்டிப் போக மனம் வராமல் அங்கேயே நின்றிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன். டார்வினுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் சின்னக் கேள்விகளைத் தள்ளிவிடலாம்.

ஒலிப்புத்தகம் கணக்கில் சேருமா என்றால், சேரும். அதில் பேச வேறு ஒன்றுமில்லை. காதால் கேட்பதைத் தாழ்வாக நினைப்பவர்களோடு எனக்குப் பழைய சண்டை ஒன்று இருக்கிறது. ஏன் என்பது கீழே தெரியும்.

வேக வாசிப்புப் பயிற்சி வேண்டாம். மார்க் பிரைஸ்பார்ட் என்ற பெல்ஜிய உளவியலாளர் 2019-இல் 190 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். ஆங்கிலத்தில் மௌனமாக வாசிக்கிறவர் கதையல்லாத நூல் என்றால் நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொற்கள் வாசிக்கிறார், கதை என்றால் 260. எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த 300-ஐவிட இது குறைவு. வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறையும் என்பதைக் கீத் ரேனர் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2016-இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். நிமிடத்துக்கு ஆயிரம் சொல் வாசிக்கக் கற்றுத் தருகிறேன் என்பவர், எதையெல்லாம் வாசிக்காமல் விடலாம் என்பதைத்தான் கற்றுத் தருகிறார். அலுவலக அறிக்கைக்கு அது போதும். நாவலில் எதை விடுவீர்கள்?

சரி, இப்போது உங்களைத் திட்ட வேண்டும்.

இருபது வருடம் கழித்து வந்தவனை மழையில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். பிடிக்காமல் விட்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடுவது வாசகரின் உரிமை, நானே வருடத்துக்குப் பத்துப் புத்தகமாவது விடுகிறேன். நீங்கள் விட்டது பிடித்த புத்தகத்தை. அவன் உள்ளே வந்தானா, அண்ணன் அவனைப் பார்த்து என்ன சொன்னான் என்று உங்களுக்கு ஒரு நாள்கூட அரிக்கவில்லையா? ஒரு மாதம் ஆகும் என்று பயந்தீர்கள். அந்த மாதம் உங்களிடம் இல்லாமலா போயிற்று? அதே நாட்களில்தானே அந்தப் பதினைந்தையும் புரட்டினீர்கள்? மெல்லிய புத்தகங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. நாற்பது பக்கத்தில் ஆளை உலுக்கிவிடும் கதைகள் உண்டு. ஆனால் மெல்லியவை என்ற ஒரே காரணத்துக்காக அவற்றை எடுத்தீர்களே, அது அந்தப் புத்தகங்களுக்கும் அவமரியாதை. பாதியின் பெயர் நினைவில்லை என்று நீங்களே எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் மறதிக்கு மருந்து கேட்கிறீர்கள்.

கடுமையாகத்தான் பேசுகிறேன். இந்த நோய் எனக்கும் வந்திருந்தது.

இருபத்து மூன்று வயதில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஃபாரத்துக்கு இவ்வளவு என்று கூலி. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். நாளுக்கு நாலு ஃபாரம் பார்த்தால்தான் கட்டுப்படியாகும். புத்தகம் பிடித்தவளுக்கு இதைவிட நல்ல வேலை இருக்குமா என்று நினைத்துத்தான் போனேன். முதல் வாரமே அங்கிருந்த மூத்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார்: "கதைக்குள்ள போகாதேம்மா, போனா பிழை தப்பிடும்." சில பக்கங்களை அவர் கடைசி வரியிலிருந்து மேல் நோக்கிப் பார்ப்பார். பொருள் நம்மை இழுக்காமல் இருக்க அது ஒரு வழி, தொழிலில் பலரும் செய்வதுதான். நானும் பழகிக்கொண்டேன். ஒற்று விட்டிருக்கிறதா, கொம்பு இடம் மாறியிருக்கிறதா, வல்லின றவா இடையின ரவா. பார்த்து முடித்த புத்தகத்தின் பெயரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். இரண்டு வருடத்தில் 150-ஐத் தாண்டிவிட்டது. பெருமையாகக்கூட இருந்தது. அவற்றில் ஒன்றின் கதையைச் சொல் என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

அதோடு போகவில்லை. வீட்டுக்கு வந்து ஆசையாக ஒரு நாவலை எடுத்தாலும் கண் பிழைக்குத்தான் போயிற்று. கதையில் ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள், எனக்கு அந்த வாக்கியத்தில் விட்டுப்போன 'ப்' தெரியும். ஒரு நாள் இரவு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பத்து வயதிலிருந்து என்னோடு இருந்த ஒன்று என்னைவிட்டுப் போய்விட்டது என்று பயமாக இருந்தது.

எங்கள் கீழ்வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். விழித்திரை பழுதாகி, பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. "ராத்திரி ஒரு அரை மணி நேரம் எனக்குப் படிச்சுக் காட்டுவியா?" என்று கேட்டார். மறுக்க முடியவில்லை. அலமாரியைக் கையால் தடவி அவர் எடுத்துக் கொடுத்தது இரண்டு பாகம் கொண்ட பெரிய நாவல். முதல் நாள் நான் மூச்சு விடாமல் வாசித்தேன், அச்சகத்தில் ஃபாரத்தை ஓட்டுகிற மாதிரி. பத்து நிமிடத்தில் கையை நீட்டி நிறுத்தினார். "யாரு துரத்துறா?" என்றார்.

இன்னொரு நாள் வாசித்துக்கொண்டே வந்தவள் நின்று, "இங்க ஒரு பிழை இருக்கு டீச்சர்" என்றேன். "இருந்துட்டுப் போகட்டும். அவ கதவைத் திறந்தாளா இல்லையா, அதைச் சொல்லு" என்றார். எரிச்சலோடு சொன்னதில்லை. அவருக்கு உண்மையிலேயே அது தெரிந்தாக வேண்டியிருந்தது. முகத்தை என் பக்கம் திருப்பிக் காத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான், நான் வாசித்துக்கொண்டிருந்த பெண் ஒரு கதவுக்கு முன்னால் நிற்கிறாள் என்பதே எனக்கு உறைத்தது.

நாவலின் நடுவில் ஒரு குழந்தை இறந்துபோகும். அந்த அத்தியாயம் முடிந்ததும் டீச்சர் போதும் என்று கையைக் காட்டினார். மறுநாள் போனேன், இன்றைக்கு வேண்டாம் என்றார். அதற்கு மறுநாளும் வேண்டாம். மூன்று இரவுகள் நாங்கள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஆனால் தினமும் அந்த அரை மணி நேரம் உட்கார்ந்தோம். அந்தத் தாய் இனி என்ன செய்வாள், மாமியாரை மன்னிப்பாளா, கணவன் ஊருக்குத் திரும்பியதும் முதலில் யார் அவனிடம் சொல்வார்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம். நான்காம் நாள் அவரே புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார். இந்த மூன்று நாட்களைச் செயலியில் எப்படிப் பதிவீர்கள், எஸ்.? பக்கங்கள் பூஜ்யம்.

முடிக்கப் பத்து மாதம் ஆயிற்று. நாலாவது மாதமோ ஐந்தாவது மாதமோ, பிழைகள் என் கண்ணில் படுவது நின்றுபோயிருந்தது. எந்த நாள் என்று தெரியாது. அச்சக வேலையை விடவில்லை, அதற்கப்புறமும் மூன்று வருடம் பார்த்தேன். பகலில் ஒரு கண், இரவில் இன்னொரு கண் என்று பழகிவிட்டது. என் நோட்டில் அந்த வருடம், கூலிக்குப் பார்த்தவற்றைக் கழித்தால், ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது.

டார்வினுக்கு வருகிறேன். பட்டியல் போடுவதை நான் குறை சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். டார்வினே போட்டார். 1838-இலிருந்து 1860 வரை, வாசிக்க வேண்டியவை, வாசித்தவை என்று இரண்டு பட்டியல்களைக் குறிப்பேடுகளில் வைத்திருந்தார். வாலிபத்தில் கவிதைப் பித்து உள்ளவர். பீகிள் கப்பல் பயணத்தில், கரையிறங்கிச் சுற்றும்போது ஒரு சின்னப் புத்தகம்தான் கொண்டுபோக முடியும் என்றால் அவர் எடுத்தது எப்போதும் மில்டன். அப்படிப்பட்டவர் 1876-இல், 67 வயதில், தன்வரலாற்றில் என்ன எழுதுகிறார் தெரியுமா? பல வருடங்களாகத் தன்னால் ஒரு வரிக் கவிதையைக்கூடப் பொறுக்க முடியவில்லை, ஷேக்ஸ்பியரை எடுத்துப் பார்த்தால் குமட்டும் அளவுக்குச் சலிப்பாக இருந்தது என்கிறார். தகவல்களைக் குவித்துப் போட்டு அரைத்துப் பொது விதிகளை எடுக்கும் இயந்திரமாகத் தன் மனம் ஆகிவிட்டது போலிருக்கிறது என்று வருந்துகிறார். அத்தனை வருடம் பட்டியல் வைத்திருந்த மனிதர், எஸ். கவிதை தன்னைவிட்டு நழுவிப் போனதை அந்தப் பட்டியல் அவருக்குச் சொல்லவில்லை.

இன்னொரு முறை வாழக் கிடைத்தால், வாரத்துக்கு ஒரு முறையாவது கொஞ்சம் கவிதை வாசிப்பதையும் கொஞ்சம் இசை கேட்பதையும் ஒரு விதியாக வைத்துக்கொள்வேன் என்று எழுதுகிறார். நான் தாண்ட முடியாமல் நின்றது இந்த இடத்தில்தான். எத்தனை கவிதை என்று அவர் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு முறை, அவ்வளவுதான். அந்த அளவுக்குத் தொட்டுக்கொண்டிருந்தால் செத்துப்போன அந்தப் பகுதி உயிரோடு இருந்திருக்கும் என்று நம்பினார். அந்த வறட்சியிலும் நாவல்கள் மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. ஏராளமான நாவல்களை வீட்டார் அவருக்கு உரக்க வாசித்துக் காட்டினார்கள். எங்கள் டீச்சருக்குப் போலவே.

இலக்கே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். இலக்கு இல்லாத நாட்களில் வாசிப்புக்குரிய நேரத்தைக் கைபேசி முதலில் தின்றுவிடுகிறது, எனக்கும் அப்படித்தான். ஆனால் உங்கள் இலக்கு நேரத்தின் மேல் இருக்கட்டும். தினமும் அரை மணி நேரம், அதே பொழுதில், முடிந்தால் அதே நாற்காலியில், கைபேசி வேறு அறையில். ஒரு நாள் தவறினால் தவறியதுதான், மறுநாள் வட்டி போட்டு ஒரு மணி நேரம் உட்காராதீர்கள். கடன் என்று ஆகிவிட்டால் மறுபடியும் மெல்லிய புத்தகத்தைத் தேடுவீர்கள். டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலில் 361 அத்தியாயங்கள், பெரும்பாலும் சின்னச் சின்னவை. நாளுக்கு ஒன்று என்று வருடம் முழுக்க அதை வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சலில் படுக்க நாலு நாள் மிச்சமும் கிடைக்கும். உங்கள் செயலியின் கணக்கில் அவர்கள் வருடத்துக்கு ஒரு புத்தகம் வாசித்தவர்கள்.

மறதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதினாறாம் நூற்றாண்டில் மோன்தேய்ன் என்ற பிரெஞ்சுக் கட்டுரையாளருக்கு இதே தொல்லை இருந்தது. சில வருடம் முன்பு கவனமாக வாசித்துக் குறிப்பெல்லாம் எழுதிய புத்தகத்தையே புதிது என்று நினைத்து எடுப்பாராம். அதனால் புத்தகத்தின் கடைசியில், முடித்த தேதியையும் தனக்கு அது எப்படித் தோன்றியது என்பதையும் எழுதிவைக்கப் பழகிக்கொண்டார். நீங்களும் செய்யுங்கள், நாலு வரி போதும். கதைச் சுருக்கம் எழுத வேண்டாம், அது எங்கேயும் கிடைக்கும். வாசிக்கும்போது உங்களுக்கு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். மறந்துபோனால் போகட்டும், டீச்சருக்கு வாசித்த நாவலில் பாதிப் பெயர்கள் எனக்கும் மறந்துவிட்டன.

இன்று இரவே அந்த 900 பக்க நாவலை எடுங்கள். நேராக 212-க்குப் போகாதீர்கள், இருபது முப்பது பக்கம் முன்னால் தொடங்குங்கள். அவன் எங்கிருந்து வருகிறான், மழை எப்போது பிடித்தது என்பதெல்லாம் திரும்பக் கண்ணுக்குத் தெரிந்தபின் வாசலுக்கு வாருங்கள். முடிந்தால் அந்தப் பக்கங்களை யாருக்காவது வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள்.

அவர்கள் அவனை உள்ளே கூப்பிட்டார்களா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்