பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம்: உங்கள் கேள்விக்கு

தோழி, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பதினாறு வயது, அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் கல்யாணம், நான் சொன்னது தெரிந்தால் தெருவில் நடமாட முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

இன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். எந்நேரமும் எடுப்பார்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணின் பெயர், தெரு, படித்த பள்ளி, எந்தக் கோயில், எத்தனை மணிக்கு முகூர்த்தம், இதெல்லாம் தெளிவாக இருக்கட்டும். தமிழ்நாட்டில் மாவட்டச் சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர், அங்கேயும் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கள் ஊரில் இதே போல் ஒரு கல்யாணத்தை நிறுத்தினோம். "பதினெட்டு முடியட்டும்" என்று அப்பா எழுதிக் கொடுத்தார். மகளிர் குழுவில் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். ஒரே மாதத்தில், பக்கத்து ஊரில் விடிகாலையில் தாலி கட்டிவிட்டார்கள். இன்னும் மனசு ஆறவில்லை. அதனால் எழுதி வாங்கியதோடு நிற்காமல், மாஜிஸ்திரேட்டிடம் தடை உத்தரவு வாங்கச் சொல்லி அலுவலரை வற்புறுத்துங்கள். 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, அந்த உத்தரவை மீறி நடக்கும் கல்யாணம் செல்லவே செல்லாது. நடத்திவைப்பவருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. பூசாரியிடம் இதைச் சொன்னாலே பாதி வேலை முடியும்.

அப்புறம், அந்தப் பெண்ணைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கத் தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். சீருடையோடு தினமும் பஸ் ஏறுகிற பெண் ஒருநாள் வராவிட்டால் நாலு பேர் கேட்பார்கள்.