தாங்கியை நிரப்பியபின் காட்டும் தூரம் முறைக்கு முறை மாறுவது ஏன்?

வணக்கம் உறவே. கிளிநொச்சியில் ஒரு முறை வண்டியின் எரிபொருள் தாங்கியை நிரப்பியபோது இன்னும் ஓடக்கூடிய தூரம் 540 கிலோமீற்றர் என்றும் அடுத்த முறை 420 என்றும் வண்டியின் திரை காட்டியதால், தாங்கியில் கசிவோ என்று அஞ்சியிருக்கிறீர்கள். பெற்றோல் வாடையோ தரையில் ஈரமோ இல்லை என்று நீங்களே எழுதியிருப்பதால், காரணம் வேறு என்றே கருதுகிறேன்.

அந்த எண் தாங்கியின் அளவைச் சொல்வதன்று. இருக்கும் எரிபொருளை, அண்மைக்கால ஓட்டத்தில் வண்டி லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் கொடுத்ததோ அந்தச் சராசரியால் பெருக்கிப் பெறும் மதிப்பீடு. வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் சீராக ஓடிவந்து நிரப்பும்போது சராசரி 18 என்றால், 30 லீற்றருக்கு 540 வரும். ஒரு கிழமை முழுவதும் ஏசியைப் போட்டபடி ஒழுங்கைகளிலும் கிறவல் பாதைகளிலும் ஓடியபின் அது 14 ஆக இறங்கியிருந்தால், அதே 30 லீற்றர் 420 ஐத்தான் தரும். பம்பு தானாக நிற்கும் அளவும் வண்டி நிற்கும் சரிவும் சேர்க்கும் வேறுபாடு சிறியது.

ஒவ்வொரு முறையும் பம்பு தானாக நின்றதும் நிறுத்திவிட்டு, ஓடிய தூரத்தை நிரப்பிய லீற்றரால் வகுத்து மூன்று தடவை எழுதிப் பாருங்கள். ஒரே பாதையில் அந்தக் கணக்கும் தொடர்ந்து இறங்கினால், முதலில் ரயர்க் காற்றைப் பார்த்து, பிறகு கராஜில் காட்டுங்கள்.