கிராஃபிங் கால்குலேட்டர் நிரல் பாடங்களை எல்லாரும் சேர்ந்து தொகுக்க நினைக்கிறோம், எங்கிருந்து தொடங்குவது?

இந்தக் கேள்வியைச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை. வரைபடமும் வரைந்து, நாம் எழுதும் நிரலையும் ஓட்டும் இந்தக் கால்குலேட்டர்களுக்காக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இதே வேலையைச் செய்தோம். அதில் நான் எழுதிய ஒரு பாடம் பலருக்குத் தப்பான பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டது.

உங்களிடம் இப்போதே முப்பது நாற்பது பாடங்களாவது சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். எதை எந்தத் தலைப்பில் வைப்பது என்று பேச்சும் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். இதுவரை ஒரு வரி நிரல்கூட எழுதாத ஒருவரிடம் ஒரு பாடத்தைக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், அவர் எந்த விசையை அழுத்துகிறார் என்று மட்டும் பாருங்கள். நாங்கள் இதை ஒரு வருடம் கழித்துத்தான் செய்தோம்.

என் பாடம் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-83 பிளஸ் கால்குலேட்டருக்கானது. 24 கேபி நினைவகம், எட்டு வரி, வரிக்குப் பதினாறு எழுத்து கொண்ட திரை. அதில் ஓர் எழுத்தை அம்பு விசைகளால் நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். அழுத்தப்பட்ட விசையின் எண்ணை கெட்கீ (getKey) என்ற கட்டளை தரும். வரிசை எண்ணைப் பத்தால் பெருக்கி, அந்த வரிசையில் எத்தனையாவது விசையோ அதைக் கூட்டினால் அந்த எண் வரும். இடது அம்பு 24, மேல் அம்பு 25, வலது அம்பு 26, கீழ் அம்பு 34. இதை விளக்கிய பத்தி நன்றாகவே அமைந்தது, இன்றும் அதில் எனக்குப் பெருமை உண்டு.

தப்பு அதற்கு அடுத்த பத்தியில். இந்த விசை வந்தால் இதைச் செய் என்று 'இஃப்', 'தென்' (If, Then) போட்டு, உள்ளே எழுத்தை நகர்த்தி, அங்கிருந்தே 'கோட்டோ' (Goto) என்ற தாவல் கட்டளை போட்டு, மேலே 'லேபிள்' என்று பெயரிட்டு வைத்த இடத்துக்குத் தாவச் சொல்லியிருந்தேன். அப்படித் தாவினால் அந்தத் 'தென்' பகுதியை முடித்துவைக்கும் 'எண்டு' (End) வரியை நிரல் தொடுவதே இல்லை. எண்டு வரும் வரும் என்று கால்குலேட்டர் கொஞ்சம் நினைவகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டே காத்திருக்கும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அந்த ஒதுக்கீடு ஒன்று கூடும். நான் அரை நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. சரி என்று சேர்த்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு மாணவரிடமிருந்து கேள்வி வந்தது: "ரொம்ப நேரம் ஆடினால் மெமரி எரர் என்று நின்றுவிடுகிறது, என் கால்குலேட்டர் பழுதா?" பழுது என் பாடத்தில். லேபிளையும் கோட்டோவையும் எடுத்துவிட்டு திரும்பத் திரும்ப ஓடும் 'ரிப்பீட்' (Repeat) சுற்றுக்குள் எல்லாவற்றையும் வைத்து, கிளியர் விசையின் எண்ணான 45 வந்தால் சுற்று முடியும்படி மாற்றினேன். பத்து நிமிட வேலை. ஆனால் அதற்குள் என் பாடத்தைப் படித்தவர்களே அடுத்த பாடங்களை எழுதியிருந்தார்கள். தேடிப் பார்த்தால் இன்னும் ஆறு பாடங்களில் அதே தாவல்.

அதன் பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தோம். முதல் நாள் ஒரு பெண் உட்கார்ந்தாள். பாடத்தில் 'டிஸ்ப்' (Disp) என்று, திரையில் காட்டும் கட்டளை இருந்தது. அவள் ஆல்ஃபா விசையை அழுத்தி நான்கு எழுத்துகளையும் ஒவ்வொன்றாக அடித்தாள். ஓட்டினால் பிழை. கட்டளையை பிஆர்ஜிஎம் (PRGM) விசையின் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும், எழுத்துக் கூட்டினால் கால்குலேட்டர் அதை நான்கு மாறிகளாகத்தான் படிக்கும். எங்கள் பாடங்களில் ஒன்றில்கூட அது இல்லை. அதே பெண் கழித்தல் விசைக்கும், எதிர் எண்ணுக்கு முன் போடும் எதிர்மக் குறி விசைக்கும் வித்தியாசம் தெரியாமல் கால் மணி நேரம் சின்டாக்ஸ் எரரோடு போராடினாள். நாங்கள் அதையும் எழுதியிருக்கவில்லை.

"இப்போது கால்குலேட்டரில் பைத்தான் நிரல்மொழியே வந்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு?" என்று யாராவது கேட்பார்கள். நம்வொர்க்ஸ், காசியோ எஃப்எக்ஸ்-சிஜி50 போன்ற கால்குலேட்டர்களில் பைத்தான் இருப்பது உண்மை, அதற்கும் பாடம் எழுதுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அண்ணன் அக்கா வைத்திருந்த பழைய கால்குலேட்டரை வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ள வருபவரை விட்டுவிட முடியாது. அதனால் பாடத்தின் முதல் வரியிலேயே மாடல் பெயரும் இயங்குதளப் பதிப்பும் இருக்கட்டும். விசை எண்கள் காசியோவில் வேறு. டிஐ-84 பிளஸ் சிஇ-யில் 2020இல் வந்த புதிய பதிப்பு அசெம்பிளி நிரல்களை (செயலியின் நேரடிக் கட்டளைகளில் எழுதுபவை) ஓட்ட விடுவதில்லை, அதற்கு முந்தைய பாடத்தைப் பார்த்துச் செய்பவர் தன் மேலேதான் சந்தேகப்படுவார்.

இன்னொன்று, வரிக் கடைசியில் மூடும் அடைப்புக்குறியை விட்டுவிட்டு ஒரு பைட் மிச்சம் பிடிப்பது போன்ற வித்தைகளை ஆரம்பப் பாடங்களில் காட்டாதீர்கள். எனக்கும் அவை பிடிக்கும். 1985இல் வந்த காசியோ எஃப்எக்ஸ்-7000ஜியில் நிரலுக்கு மொத்தமே 422 பைட்தான் என்பதால் அன்றைக்கு அது தேவையாக இருந்தது. புதிதாக வருபவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு தேர்வுக்கு முன் மேற்பார்வையாளர் என் கால்குலேட்டரை வாங்கி, ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் அழிக்கும் ரீசெட்டைக் கொடுத்தார். ராம் என்ற தற்காலிக நினைவகத்தை மட்டும் அழித்திருந்தால் ஆர்க்கைவ் என்ற சேமிப்புப் பகுதியில் வைத்திருந்தவை தப்பியிருக்கும், அதையும் சேர்த்து அழித்தார். மூன்று மாத வேலை. காப்பியடிப்பதைத் தடுக்கத்தான் என்பது எனக்கும் தெரியும், விதி தப்பு என்று நான் சொல்லவில்லை. முந்தைய நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கணினிக்கு மாற்றி வைத்திருப்பேன். உங்கள் தொகுப்பின் முதல் பாடமாக, நிரலைக் கேபிள் வழியாகக் கணினியில் சேமிப்பது எப்படி என்பதைப் போடுங்கள். எங்கள் தொகுப்பில் இப்போது அதுதான் முதலில் இருக்கிறது.