அணைக்கு எத்தனை அடி?

கேள்வி: வாட்ஸ்அப்பில் வரும் பொய்யைக் கண்டுபிடிக்க அரசுப் பள்ளிகளில் சொல்லித்தர வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். இதில் இது வேறா?
— ஒரு வாசகர், முக்கூடல்

பதில்: வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் ஊரிலேயே பாருங்கள். அம்மா பீடி சுற்றிக்கொண்டிருப்பார். போனில் வந்ததை வாசித்துச் சொல்வது எட்டாம் வகுப்பு மகள். அவள் நம்பினால் வீடே நம்பும்.

நம்பினால் என்ன ஆகும்? 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியைப் பள்ளிகளிலேயே போட வந்தார்கள். வாட்ஸ்அப் வதந்தியைக் கேட்டுப் பயந்து, பெற்றோர் பலர் வேண்டாம் என்றுவிட்டார்கள். முகாமையே நீட்டிக்க வேண்டியதாயிற்று.

தனிப் புத்தகம், தனித் தேர்வு எதுவும் வேண்டாம். வைத்தால் அதையும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டுப் போவார்கள். கார்த்திகை மழை வலுக்கும்போது, கணக்கு வகுப்பில் கரும்பலகையில் இப்படி எழுதிப் போட்டால் போதும்: 'மணிமுத்தாறு அணை 130 அடியைத் தாண்டிவிட்டது. இன்றிரவு உடையும். எல்லோருக்கும் அனுப்பவும்.' சொன்னது யார்? 'இன்று' என்றால் எந்தத் தேதி? நாளிதழில் வரும் அணை நீர்மட்டப் பட்டியலை ஒரு பிள்ளை எடுத்துவரட்டும். மணிமுத்தாறு மொத்தமே 118 அடி. அதில் 130 அடி எப்படி நிற்கும் என்று பிள்ளைகளே கேட்பார்கள். நீங்கள் கவலைப்படும் வாசிப்பும் அதிலேயே நடக்கும்.

அதற்காக எதையும் நம்பாதே என்று சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நாம். உண்மையான எச்சரிக்கையைப் பொய்யென்று தள்ளினால் உயிர் போகும். ஆட்சியர் அறிவிப்பு எங்கே வரும், எப்படிச் சரிபார்ப்பது என்பதையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

நடக்காத காரியமும் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் 2018-லேயே சுமார் 150 அரசுப் பள்ளிகளில் இதற்கு வகுப்பு எடுத்தது. எனக்குள்ள பயம் வேறு. 'சார், இது எப்படித் தெரியும்?' என்று எழுந்து கேட்கிறவனை 'அதிகப்பிரசங்கி, உட்காருலே' என்று அடக்கும் வகுப்பில் இது வேர்பிடிக்காது. முதலில் மாற வேண்டியது அதுதான்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாரம் ஒரு பீரியடாவது கேட்டு வாங்குங்கள். நம் இதழில் வரும் செய்தியையே பிள்ளைகள் சோதித்துப் பார்க்கட்டும். தப்பு இருந்தால் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தை இதே பக்கத்தில் போடுகிறேன்.